இறந்தவர் கையிலிருப்பது யாருடையது?

நம் வீடுகளில் ஒருவர் கண்மூடினால், அவருடைய விரல்களைக் கோத்து அவற்றிடையே ஒரு செபமாலையைச் சுற்றி விடுகிறோம். பல்லாண்டுகள் அவர் உருட்டிச் செபித்த மாலை அது. பெட்டி மூடப்படுகிறது, சேமக்காலையில் குழியும் மூடப்படுகிறது. அத்தோடு அந்தச் செபமாலை நம்முடையதல்ல என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். மகளும் அதைத் திரும்பக் கேட்பதில்லை, மகனும் கேட்பதில்லை. அப்படியானால் அது யாருடையது? இறந்தவருடையதா? இறந்தவர் ஒரு பொருளுக்குச் சொந்தக்காரராக இருக்க முடியுமா? முடியாதென்றால், ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்து அவ்விடத்தில் மண்வெட்டி போடும் ஒருவர் அதை எடுத்துத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால், அவர் திருடினாரா, இல்லையா?

வாசகரே, இது வெறும் வாதத்துக்காகக் கேட்கும் கேள்வியன்று. இங்கிலாந்தில் ஆங்கிலோ-சாக்சன் காலத்துக் கல்லறைகளும் புதையல்களும் மண்ணிலிருந்து வெளிப்பட்டபோதெல்லாம், இதே கேள்வி நீதிமன்றத்திலும் நூதனசாலையிலும் மனிதரின் மனச்சாட்சியிலும் எழுந்திருக்கிறது. அந்த நாட்டின் கதையைக் கொண்டு இக்கேள்வியை நாமும் சற்று ஆராய்வோம்.

உரோமைப் படைகள் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியாவை விட்டு அகன்றன. அதன் பின்னர் வட கடலைக் கடந்து வந்து அங்கே குடியேறிய மக்களையே ஆங்கிலோ-சாக்சன் மக்கள் என்கிறோம். 1066இல் நோர்மன் படைகள் வரும்வரை அவர்களுடைய காலம் நீடித்தது. 597இல் பாப்பரசர் புனித பெரிய கிரகோரியார் அனுப்பிய துறவி அகுஸ்தீனார் கென்ற் நாட்டில் வந்திறங்கியபோது, அம்மக்கள் பழைய தெய்வங்களையே வணங்கி வந்தார்கள். தம் இறந்தோரோடு வாளையும் கிண்ணத்தையும் மணிமாலையையும் புதைத்து வந்தார்கள். அடுத்த நூறாண்டு காலத்தில் கிறிஸ்தவம் பரவப் பரவ அவ்வழக்கம் மெல்ல மெல்லக் குறைந்து நின்றுபோயிற்று. இடைப்பட்ட அந்த நூறாண்டின் கல்லறைகளே நமக்கு மிகுதியாகப் பேசுகின்றன.

ஒரு விதவையும் ஒரு கப்பலும்

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் மாவட்டத்தில் டெபன் என்ற ஆறு ஓடுகிறது. அதன் கரையிலுள்ள மேட்டு நிலம் சட்டன் ஹூ எனப்படும். அந்தக் காணியின் சொந்தக்காரி ஈடித் பிரிட்டி என்ற விதவை. வீட்டுக்கு அருகே கிடந்த மண்மேடுகளுக்குள் என்ன இருக்கிறது என்று அறிய விரும்பிய அவர், 1938இல் பசில் பிரவுண் என்பவரை அழைத்தார். பிரவுண் பட்டம் பெற்ற அறிஞரல்லர். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, தாமாகவே நூல்களைக் கற்றுத் தேறியவர். முதலாண்டில் அவர் திறந்த மூன்று மேடுகளும் முற்காலத்துத் திருடர்கள் கைவைத்துவிட்டுப் போனவை. மறு ஆண்டு மிகப் பெரிய மேட்டில் தோண்டத் தொடங்கினார். துருப்பிடித்த இரும்பாணிகள் வரிசை வரிசையாக வெளிப்பட்டன.

அது ஒரு கப்பல். ஏறக்குறைய 27 மீற்றர் நீளம். மரம் முழுவதும் உக்கிப் போயிருந்தது. ஆனால் பலகைகள் இருந்த இடத்தில் மணல் கறுத்து இறுகி, கப்பலின் வடிவத்தை அப்படியே காத்து வைத்திருந்தது. நடுவே ஓர் அறை. அதற்குள் தலைக்கவசம், வாள், 400 கிராமுக்கு மேல் எடையுள்ள பொன் இடைவார்ப் பூட்டு, கிழக்கு உரோமைப் பேரரசிலிருந்து வந்த வெள்ளித்தட்டு, பிராங்கர் நாட்டின் வெவ்வேறு அக்கசாலைகளில் அடித்த 37 பொற்காசுகள் கொண்ட பை. பொன்னணிகளில் கார்னெற் எனப்படும் செந்நிறக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. அக்காலத்து அணிகளிலுள்ள இத்தகைய கற்களுட் சில இந்தியாவிலிருந்தும் நம் இலங்கைத் தீவிலிருந்தும் கைமாறிக் கைமாறி அங்கே சென்றிருக்க வேண்டுமென்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

உடலைக் காணவில்லை. புளிப்பு மிகுந்த அந்த மணல் எலும்பையும் விட்டுவைக்கவில்லை. 624ஆம் ஆண்டளவில் இறந்த கிழக்கு ஆங்கிலிய மன்னன் ரெட்வால்ட் என்பவனே அங்கு அடக்கம் செய்யப்பட்டவன் என்பது பெரும்பாலோர் கருத்து.

இனி நடந்ததைக் கவனியுங்கள். 1939 ஆகஸ்ட் மாதம் மரண விசாரணை அதிகாரி அக்கிராமத்து மண்டபத்தில் யூரிமாரைக் கூட்டி விசாரணை நடத்தினார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்தவனுக்கு மரண விசாரணையா என்று நகைக்க வேண்டாம். புதையலைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதும் அந்த நாட்டில் அவ்வதிகாரியின் கடமைகளில் ஒன்று. அன்றைய சட்டம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பொன்னைப் புதைத்தவர் என்ன எண்ணத்தோடு புதைத்தார்? பின்னொருநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒளித்து வைத்து, எடுக்க முடியாமலே மாண்டிருந்தால், அது முடிக்குரியது. எடுக்கும் எண்ணமே இன்றி இறந்தவனுக்கென்று விட்டிருந்தால், அது காணிச் சொந்தக்காரருக்குரியது. ஒரு பெருங்கப்பலை ஆற்றிலிருந்து மேட்டுக்கு இழுத்து வந்து புதைத்ததை யாரும் இரகசியமாகச் செய்திருக்க முடியாது; ஊரறிய, நாடறியச் செய்த காரியம் அது. ஆகவே அது ஒளித்த புதையலன்று, பிரிட்டி அம்மையாருக்கே சொந்தம் என்று யூரிமார் முடிவு சொன்னார்கள்.

இதிலுள்ள விந்தையைப் பாருங்கள். “இது என்றென்றைக்கும் இறந்தவனுக்கே” என்று கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தபடியினாலேயே அது உயிரோடிருக்கும் ஒருத்திக்குச் சொந்தமாயிற்று! சட்டம் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. மனச்சாட்சியின் கணக்கு அதனால் தீர்ந்துவிடவில்லை. அந்த அம்மையார் அதைத் தீர்த்தார். கையில் வந்த பெருஞ்செல்வம் முழுவதையும் பிரித்தானிய நூதனசாலைக்கு இனாமாகக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதமே உலக யுத்தம் மூண்டது. லண்டன் நகரின் நிலக்கீழ்ப் புகையிரதச் சுரங்கம் ஒன்றில் அப்பொருள்கள் பாதுகாக்கப்பட்டன. யுத்தம் முடியுமுன், 1942இல், அம்மையார் காலமானார்.

மூன்று விடைகள்

அவர் செய்தது சரியென்று நம் உள்ளம் சொல்கிறது. ஏன் சரி என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதன்று. பொதுவாக மூன்று விடைகள் கூறப்படுகின்றன.

முதலாவது விடை: இறந்தவனுக்கு உடைமை என்று ஒன்றுமில்லை, ஆகவே எடுப்பவனுக்கே பொருள் சொந்தம். இது கேட்பதற்கு நேர்மையான வாதம் போலத் தோன்றும். இறப்பவர் வெறுங்கையோடு போகிறார் என்று நாமும் பிரசங்கம் செய்கிறவர்கள்தாமே! ஆனால் இவ்வாதம் அளவுக்கு மிஞ்சி நிரூபிக்கிறது. இறந்தவருக்கு நாம் ஒன்றும் கடன்பட்டிருக்கவில்லையென்றால், அவர் எழுதிய மரணசாசனத்தை நிறைவேற்ற வேண்டியதில்லை. அவருக்குக் கொடுத்த வாக்கைக் காக்க வேண்டியதில்லை. அவரைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசலாம். இவற்றை ஒப்புக்கொள்ளும் மனிதர் எவருமில்லை.

இரண்டாவது விடை: இறந்தவர் விருப்பம் மீறக்கூடாதது, கல்லறையைத் தொடவே கூடாது. இவ்விடையில் பக்தி இருக்கிறது. ஆயினும் முழு உண்மை இல்லை. ஹிப்போ நகர்ப் புனித அகுஸ்தீனார் 5ஆம் நூற்றாண்டில், இறந்தோருக்குச் செய்யும் அடக்கக் கடமைகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ஆடம்பரமான அடக்கம் இறந்தவருக்கு உதவுவதைவிட உயிருள்ளோருக்கு ஆறுதலாகிறது என்பது அவர் கருத்து. ஆயினும் உடலை அவமதிக்கலாகாது என்பதையும் அவர் அதே நூலில் வற்புறுத்தினார். திருச்சபையும் கல்லறைகளைத் திறந்ததுண்டு. லிண்டிஸ்பார்ண் தீவின் ஆயர் புனித கத்பேர்ட் 687இல் இறந்தார். பதினோராண்டுகள் கழித்து அவருடைய துறவிகளே கல்லறையைத் திறந்து, உடலை மரியாதையுடன் வேறொரு பேழையில் வைத்தார்கள். 1827இல் டர்ஹம் பேராலயத்தில் அக்கல்லறை மறுபடியும் திறக்கப்பட்டபோது, பொன்னும் செந்நிறக் கற்களும் கொண்ட சிறு சிலுவையொன்று அவருடைய உடைக்குள் காணப்பட்டது. எனவே, திறப்பதே பாவம் என்று நாம் சொல்வதற்கில்லை.

மூன்றாவது விடை: நாட்டுக்குச் சொந்தம். இன்று பெரும்பாலான சட்டங்கள் இப்பக்கமே சாய்கின்றன. இங்கிலாந்திலும் 1996ஆம் ஆண்டுப் புதையற் சட்டம், புதைத்தவரின் எண்ணத்தைத் தேடும் பழைய முறையைப் பெரும்பாலும் கைவிட்டது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொன், வெள்ளிப் பொருள்களைக் கண்டெடுப்போர் பதினான்கு நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. நூதனசாலை வாங்க விரும்பினால் உரிய விலை கொடுக்க வேண்டும். கண்டவரும் காணிக்காரரும் அதைப் பங்கிட்டுக்கொள்வர். இது நல்ல சட்டம்தான். ஆனால் ரெட்வால்டின் காலத்தில் இன்றைய இங்கிலாந்து என்ற நாடே இல்லை. அவனுடைய பொன்னை அவனறியாத ஒரு நாடு உரிமை கோருவதற்கு, இடம் ஒன்றே என்பதைத் தவிர வேறு காரணம் வேண்டும்.

அந்தக் காரணம் எது? நம் சிற்றறிவுக்குப் படுவது இது: கல்லறையில் வைத்த பொருள் வெறும் பொருளன்று, அது ஒரு சாட்சியம். கப்பலை இழுத்து வந்தவர்கள் பொன்னைப் பத்திரப்படுத்த அப்படிச் செய்யவில்லை. “எங்கள் தலைவன் இத்தகையவன்” என்று சொல்லவே செய்தார்கள். செபமாலையைக் கையில் சுற்றும் மகளும் ஏதோ ஒன்றைச் சொல்கிறாள். பொன்னை விற்கலாம், வாங்கலாம், பங்கிடலாம். சாட்சியத்தை அப்படிச் செய்ய முடியாது. அதைக் கேட்கலாம், அல்லது அழிக்கலாம். கேட்பதற்காகத் திறப்பவன் இறந்தவனுக்குச் செய்ய வேண்டிய ஒரு கடமையைச் செய்கிறான். விற்பதற்காகத் திறப்பவன் ஒரு வாயை அடைக்கிறான்.

ஒரே ஆண்டில் இரண்டு புதையல்கள்

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இரண்டு புதையல்கள் வெளிப்பட்டன. இரண்டும் 879ஆம் ஆண்டையொட்டிப் புதைக்கப்பட்டவை. வைக்கிங் படைகள் அந்நாட்டை அலைக்கழித்த காலம் அது. இரண்டையும் கண்டவர்கள் உலோகம் கண்டறியும் கருவியோடு வயல்களில் நடந்த சாதாரண மனிதர்கள்.

ஒன்று ஒக்ஸ்போட்ஷயரில் வாட்லிங்டன் என்ற இடத்துக்கு அருகே கிடைத்தது. கண்டவர் உடனே உரியவர்களுக்கு அறிவித்தார். அறிஞர்கள் வந்து, காசுகளைத் தனித்தனியே பிடுங்காமல், மண்கட்டியோடு ஒரேயடியாகப் பெயர்த்தெடுத்துச் சென்று ஆராய்ந்தனர். ஏறக்குறைய 200 காசுகள். ஒக்ஸ்போட் நகரின் அஷ்மோலியன் நூதனசாலை அவற்றை வாங்கிற்று.

மற்றது ஹியபோட்ஷயரில் லெமின்ஸ்டர் நகருக்கு அருகே கிடைத்தது. கண்டவர்கள் இருவர் அதை அறிவிக்கவில்லை. காசுகளை இரகசியமாக விற்கத் தொடங்கினார்கள். கைத்தொலைபேசியிலிருந்து அழித்துவிட்ட படங்களைப் பொலிசார் மீட்டெடுத்தபோதே புதையலின் அளவு தெரியவந்தது. ஏறக்குறைய 300 காசுகள் இருந்திருக்க வேண்டும். அவற்றுள் கைப்பற்றப்பட்டவை முப்பது அளவிலேயே. 2019இல் அவர்கள் குற்றவாளிகளாகக் காணப்பட்டுச் சிறை சென்றார்கள்.

சட்டம் அவர்களைத் திருட்டுக்காகத் தண்டித்தது. ஆனால் அவர்கள் செய்த பெருந்தீங்கு திருட்டோடு முடிந்துவிடவில்லை.

9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் மேர்சியா என்ற அரசு இருந்தது. அதன் கடைசி மன்னர்களில் ஒருவன் இரண்டாம் செயோல்வுல்ப். தெற்கே வெசெக்ஸ் அரசை ஆண்டவன், சரித்திரம் “மகா அல்பிரட்” என்று போற்றும் மன்னன். அல்பிரட்டின் ஆதரவில் தொகுக்கப்பட்ட ஆண்டுக்குறிப்பு செயோல்வுல்பை ஓர் அறிவற்ற அரச ஊழியனாக, வைக்கிங் படைகளின் கைப்பொம்மையாகச் சித்திரித்தது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிப் பிள்ளைகள் அவனை அப்படியே படித்தார்கள். அவனுக்காகப் பேச எவருமில்லை. அவன் பரம்பரையும் இல்லை. அவன் அரசும் அல்பிரட்டின் வழித்தோன்றல்களிடம் சேர்ந்துவிட்டது.

இப்புதையல்கள் திறந்தபோது என்ன கண்டார்கள்? சிறகுள்ள உருவமொன்றின் கீழ் இரு அரசர்கள் அருகருகே சமமாக வீற்றிருக்கும் காசுகள். ஒரே வகைக் காசை அல்பிரட்டும் அடித்திருக்கிறான், செயோல்வுல்பும் அடித்திருக்கிறான். அவ்வகையில் முன்னர் ஒன்றிரண்டு காசுகளே அறியப்பட்டிருந்தமையால், அவற்றை வைத்து எவரும் பெரிதாக வாதிட முடியவில்லை. இப்போது பல கிடைத்தன. பல ஆண்டுகள் அவை அடிக்கப்பட்டமையும் தெரிந்தது. கைப்பொம்மை என்று இகழப்பட்டவன், மகா அல்பிரட்டின் தோளோடு தோள் நின்ற கூட்டாளியாகக் காணப்பட்டான். வென்றவர்கள் பின்னர் அவனைப் பதிவேட்டிலிருந்து தள்ளி ஓரங்கட்டினார்கள் என்றே ஆய்வாளர் இன்று சொல்கின்றனர்.

வாசகரே, ஒரு மனிதனுடைய நற்பெயர் ஆயிரத்து நூறு ஆண்டுகள் ஒரு வயலின் மண்ணுக்கடியில் கிடந்தது. அவனுக்காகச் சாட்சி சொல்லக் காத்திருந்தவை அந்தக் காசுகள். ஒரு வயலில் அவற்றைக் கேட்டார்கள். மற்ற வயலிலோ சாட்சிகளை ஒவ்வொன்றாக விற்றுச் சிதறடித்தார்கள். “களவு செய்யாதிருப்பாயாக” என்ற கட்டளையை மீறியவர்கள், தாம் அறியாமலே, பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்வதைத் தடுக்கும் அடுத்த கட்டளையையும் மீறினார்கள். பொய்யை உரைப்பது மட்டும் பொய்ச்சாட்சியன்று. உண்மை சொல்ல வந்த சாட்சியை மறைப்பதும் அதுவே.

நமக்கெதிரான சாட்சியம்

சாட்சியத்தைக் கேட்கத் துணிபவர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். அது நமக்குச் சாதகமாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

சட்டன் ஹூவில் 1983 முதல் 1992 வரை பேராசிரியர் மார்ட்டின் காவர் தலைமையில் மறுபடியும் தோண்டினார்கள். அரச மேடுகளைச் சூழ வேறு மனிதர் முப்பத்தொன்பது பேரின் குழிகள் வெளிப்பட்டன. பொன்னில்லை, வாளில்லை. எலும்புகூட இல்லை. உடல் கிடந்த இடத்தில் மணல் கறுத்து, மனித உருவமாக இறுகியிருந்தது, அவ்வளவுதான். சிலருடைய கைகள் பின்புறம் கிடந்தன. சிலருடைய கழுத்துகள் முறிந்திருந்தன. சிலருடைய தலைகள் உடலோடு இல்லை. இவர்கள் புறமத அரசர்களுக்காகப் பலியிடப்பட்டவர்களாயிருக்கலாம் என்ற எண்ணம் முதலில் எழுந்தது. கிறிஸ்தவம் வருமுன் இருந்த இருளுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று நம்மைப் போன்றவர்கள் பேசுவதற்கும் வசதியாயிருந்தது.

காலக்கணிப்பு வேறு கதை சொல்லிற்று. அவர்களுட் பெரும்பாலோர் 8ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் இறந்தவர்கள். அதாவது, நாடு கிறிஸ்தவ நாடாகிவிட்ட பின்னர், கிறிஸ்தவ அரசர்களின் கட்டளையால் தூக்கிலிடப்பட்டவர்கள், தலை வெட்டப்பட்டவர்கள். கோவிற் காணியில் அவர்களுக்கு இடம் மறுத்து, பழைய புறமத மேடுகளின் அருகே தள்ளிப் புதைத்தார்கள். அவர்கள் குற்றவாளிகளா, நிரபராதிகளா என்பதை மணல் சொல்லாது. ஆனால் புறமதத்தவர் தலையில் நாம் ஏற்ற முனைந்த இரத்தம் நம்மவர் கையிலிருந்தது என்பதைச் சொல்லிவிட்டது.

2009இல் ஸ்டவோட்ஷயரில் லிச்பீல்ட் நகருக்கு அருகே ஒரு வயலில் கிடைத்த பெரும்புதையலும் இத்தகையதே. ஏறக்குறைய 4,600 துண்டுகள். நாலு கிலோவளவு பொன். பெரும்பாலும் வாட்பிடிகளின் அணிகள்; பெண்ணின் அணி என்று சொல்ல ஒன்றுமில்லை. கண்டவர் மறைக்காமல் அறிவித்தார். 32 இலட்சத்து 85 ஆயிரம் ஸ்ரேலிங் பவுண் விலையாகக் கொடுக்கப்பட்டு, அவருக்கும் காணிக்காரருக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. அப்பொருள்களிடையே ஒரு பொற்சிலுவை இருந்தது. அது நெரித்து மடிக்கப்பட்டிருந்தது. இன்னொரு உலோகத் துண்டில் எண்ணாகமம் 10ஆம் அதிகாரத்து மன்றாட்டு ஒன்று இலத்தீனில் பொறிக்கப்பட்டிருந்தது. ஆண்டவர் எழுந்து தம் பகைவரைச் சிதறடிக்க வேண்டுமென்னும் மன்றாட்டு அது. அதுவும் மடிக்கப்பட்டிருந்தது. வாட்பிடிகளின் நடுவே கிடந்த அந்தச் சிலுவையைப் பார்க்கும் விசுவாசி பெருமைப்படுவானா, தலைகுனிவானா? நாம் தலைகுனியவே விரும்புகிறோம். அமைதியின் அடையாளத்தை ஆயுதங்களோடு ஒரே மூட்டையாகக் கட்டிய நம் முன்னோரின் சாட்சியம் அது. அதைப் புதைத்தே வைத்திருக்கலாமே என்று விரும்பும் உரிமை நமக்கில்லை.

எல்லை எது?

அப்படியானால் உண்மையின் பேரால் எதையும் தோண்டலாமா, எவரையும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். இது நியாயமான தடை. அந்த மக்கள் நம்மை நோக்கிப் பேசவில்லை; தம் இறந்தோரை நோக்கியும் தம் தெய்வங்களை நோக்கியும் பேசினார்கள். நாம் கதவருகே நின்று ஒட்டுக்கேட்பவர்கள். ஆகவே கேட்பவனுக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு.

2011இல் கேம்பிறிட்ஜ் நகரையடுத்த டிரம்பிங்டனில் ஒரு பெண்பிள்ளையின் கல்லறை திறக்கப்பட்டது. பதினாறு வயதளவு. 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இறந்தவள். மரக் கட்டிலொன்றில் படுக்கவைத்து அடக்கம் செய்திருந்தார்கள். கழுத்தருகே பொன்னாலும் கார்னெற் கற்களாலும் செய்த ஒரு சிறு சிலுவை. அக்கால இங்கிலாந்தின் முதற் கிறிஸ்தவர்களில் ஒருத்தி அவள். அவளுடைய எலும்பையும் பல்லையும் ஆராய்ந்தவர்கள் 2023இல் சொன்ன செய்தி உள்ளத்தைத் தொடுவது. அவள் அந்த மண்ணிற் பிறந்தவளல்லள். ஆல்ப்ஸ் மலையை அண்டிய தென் ஜேர்மனிப் பகுதியில் பிறந்து, ஏழு வயதுக்குப் பிறகு இங்கிலாந்துக்கு வந்தவள். வந்த பின் அவளுடைய உணவும் மாறியது. வந்து பத்தாண்டு நிறையுமுன் இறந்தாள். பெயர் தெரியாது. ஆனால் வீட்டைப் பிரிந்து கடல் கடந்து போன ஒரு பிள்ளை என்று இப்போது நமக்குத் தெரியும். அந்தச் சிலுவையை மட்டும் எடுத்து விற்றிருந்தால் அது ஓர் அழகிய நகை, வேறொன்றுமில்லை. சிலுவையையும் கட்டிலையும் எலும்பையும் ஒன்றாக வைத்துப் பொறுமையோடு கேட்டபடியால்தான் அவள் மறுபடியும் ஒருத்தியானாள்.

வேறொரு முன்மாதிரியும் உண்டு. பார்ட்டன்-அப்பொன்-ஹம்பர் என்ற ஊரில் புனித பேதுருவின் பழைய கோவிலொன்று இருக்கிறது. அதன் கோபுரம் ஆங்கிலோ-சாக்சன் காலத்தது. 1978 முதல் 1984 வரை அங்கே நடந்த ஆய்வில், அக்காலம் தொடங்கிப் பிற்காலம் வரை அவ்வூரில் அடக்கம் செய்யப்பட்ட ஏறக்குறைய 2,800 பேரின் எலும்புகள் எடுக்கப்பட்டன. அவர்களுடைய நோய்கள், உழைப்பு, பிள்ளைகளின் மரணம் ஆகியவை பற்றி அறிஞர்கள் மிகுதியாகக் கற்றுக்கொண்டார்கள். பின்னர் அந்த எலும்புகளை அதே கோவிலுக்குத் திரும்பக் கொண்டுவந்து, ஓகன் வாத்தியம் இருந்த அறையில் ஒழுங்காக வைத்தார்கள். ஆராய வேண்டியவர் அங்கே சென்று ஆராயலாம். இறந்தவர்களோ தம் கோவிலில், தம் அயலவரோடு இருக்கிறார்கள். அறிவும் மரியாதையும் ஒன்றையொன்று விரட்ட வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி.

ஆகவே எல்லையை இவ்வாறு வகுக்கலாம் என்று எண்ணுகிறோம். கல்லறையைத் திறப்பவன் மூன்று கேள்விகளைத் தன்னிடம் கேட்கட்டும். நான் கேட்க வந்தேனா, எடுக்க வந்தேனா? கேட்டது எனக்குப் பிடிக்காததாயிருந்தாலும் மறைக்காமல் சொல்வேனா? கேட்டு முடிந்தபின் இவரை ஒரு மனிதராக நடத்துவேனா, காட்சிப் பொருளாக விட்டுவிடுவேனா? இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை சொல்லக்கூடியவன், அரசனுடைய கல்லறையானாலும் தூக்கிலிடப்பட்டவனுடைய குழியானாலும், பயபக்தியோடு திறக்கலாம். முதற் கேள்வியிலேயே தடுமாறுபவன் மண்வெட்டியைக் கீழே வைப்பது நல்லது.

இறந்தோருக்கு நம் கடன்

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். கையில் சுற்றிய செபமாலை யாருடையது?

அது இனி எவருடைய உடைமையும் அன்று. ஒரு வாழ்வின் சாட்சியம். உடைமைக்கு ஒருவரே சொந்தக்காரர். சாட்சியத்துக்கோ கேட்பவர் அனைவரும் கடமைப்பட்டவர். பிரிட்டி அம்மையார் சட்டப்படி தமக்குச் சொந்தமான பொன்னை எல்லோரும் காணக் கொடுத்தபோது, இந்த வேறுபாட்டையே செயலிற் காட்டினார். லெமின்ஸ்டர் வயலில் நின்ற இருவருக்கோ அது புலப்படவில்லை.

நம்மில் மிகப் பலர் வாழ்நாளில் ஒரு பொற்காசையும் மண்ணிலிருந்து எடுக்கப் போவதில்லை. ஆனால் இறந்தோரைப் பற்றிய சாட்சியம் நாள்தோறும் நம் கைக்கு வருகிறது. ஒரு பழைய கடிதம், ஒரு கணக்குக் கொப்பி, இறந்த அயலவனைப் பற்றி நமக்கு மட்டும் தெரிந்த ஒரு நன்மை, நம் குடும்பம் ஒருவருக்குச் செய்த ஓர் அநியாயம். இவற்றைச் சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைக்கிறோம். செயோல்வுல்பின் பெயரைக் கெடுத்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அவனுக்காக ஒரு வயல் பேசிற்று. எல்லோருக்காகவும் வயல்கள் பேசுவதில்லை. சிலருக்காக நாம்தான் பேச வேண்டும்.

இறந்தவருக்குப் பொன் தேவையில்லை, புகழுரையும் தேவையில்லை. ஆனால் உண்மை அவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன். அவர் நல்லவராயிருந்தால் அது அவருக்கு நீதி. அவர் தவறியிருந்தாலும் அது நமக்கு எச்சரிக்கை. அடுத்தமுறை சேமக்காலைக்குச் சென்று ஒரு கல்லறையருகே மெழுகுதிரி ஏற்றும்போது, அங்கே துயில்பவரைப் பற்றி நாம் உண்மையைப் பேசியிருக்கிறோமா என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.